ஏலப் பட்டியலும் வெற்றிலை வட்டாவும்

பொருள் என்னும் சொல் தமிழில் மூன்று நிலைகளில் வழங்குகிறது. கையால் தொட்டறியத்தக்க பண்டமும் பொருள்; பண்டத்தால் வரும் செல்வமும் பொருள்; சொல்லாலும் செயலாலும் உணர்த்தப்படும் கருத்தும் பொருள். ஒரு பண்டம் பழமை எய்தி, அதனைச் செய்தோரும் ஆண்டோரும் மறைந்தபின், இம்மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. முதலிரண்டையும் ஏற்றுக்கொண்டு மூன்றாவதைப் பெரும்பாலும் கைவிடும் நிறுவனமே ஏல மண்டபம். பழம்பொருள் ஏலங்கள் பற்றிய பேச்சு விலையைப் பற்றியதாகவோ களவைப் பற்றியதாகவோ அமைந்துவிடுவதே வழக்கம். இவ்விரண்டுக்கும் அடிப்படையான ஏலப் பட்டியல், ஓர் எழுத்து வகை என்ற முறையில் திறனாய்வுக்கு உட்படுத்தப்படுவது அரிது. கல்முனைக்கு அயலிலுள்ள நற்பிட்டிமுனை போன்ற ஊர்களின் வீட்டுப் பொருள்களை உரைகல்லாகக் கொண்டு அவ்வெழுத்து வகையின் இயல்பையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏலம் என்ற சொல்லே தமிழுக்குக் கடல்வழி வந்தது. அது போர்த்துக்கேய மொழியிலிருந்து பெற்ற சொல் என அகராதியார் கொள்வர். அப்போர்த்துக்கேயச் சொல்லுக்கு, அறிவித்தல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லை மூலமாகக் காட்டுவர். ஆகவே, பலர் கேட்க உரத்து அறிவித்தல் என்பதே இதன் முதற் கருத்து எனலாம். தமிழ் பேசும் மக்களின் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் நேர்ச்சையாக வந்த தேங்காயும் வாழைக்குலையும் பலாப்பழமும் ஏலங் கூறப்படும்போது இம்முதற் கருத்து இன்றும் உயிரோடு விளங்குகிறது. அங்குக் கூடியிருப்போர் யாவரும் பொருளை அறிவர், அதைக் கொடுத்தவரை அறிவர், கேட்பவரையும் அறிவர். சந்தையிற் சில நூறு ரூபாவுக்குப் பெறத்தக்க பழத்துக்குப் பன்மடங்கு கொடுப்பவர் பழத்தை விலைமதிப்பதில்லை. தமக்கும் அவ்விடத்துக்குமுள்ள உறவையே மதிக்கிறார். விலை உயர உயர உறவு வெளிப்படுகிறது. பழம்பொருள் ஏல மண்டபத்தில் நிகழ்வது இதற்கு மறுதலை. அங்கு விற்பவர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. 'ஒரு சீமாட்டியின் உடைமை' என்று மட்டும் குறிப்பது நெடுநாள் மரபு. வாங்குபவரும் வெளிப்பட வேண்டியதில்லை. பொருளே தனித்து நின்று தன் விலையைத் தேட வேண்டியிருக்கிறது.

அவ்வாறு தனித்து நிற்கும் பொருளுக்குப் பேச்சாகத் தரப்படுவதே பட்டியற் குறிப்பு. சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் 1674ஆம் ஆண்டு ஏல நிறுவனம் ஒன்று தோன்றியது. இலண்டனில் சொதபீஸ் 1744இலும் கிறிஸ்டீஸ் 1766இலும் தொடங்கின. இம்மூன்று நூற்றாண்டுகளில் பட்டியலின் நடை இறுகி ஓர் இலக்கணம் பெற்றுவிட்டது. தொகுதி எண், பொருளின் பெயர், தோன்றிய நாடு, நூற்றாண்டு, மூலப்பொருள், அளவு, சிதைவு, உடைமை வரலாறு, எதிர்பார்க்கும் விலை என்னும் வரிசை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. இந்நடையில் ஒரு நேர்மையும் உண்டு. ஐரோப்பிய ஓவியம் ஒன்றைக் குறிக்கும்போது, இன்னாரே வரைந்தது, இன்னார் வரைந்ததாகக் கருதப்படுவது, இன்னாரின் பட்டறையைச் சேர்ந்தது, இன்னாரின் பாணியைப் பின்பற்றியது எனப் படிப்படியாக வேறுபடுத்தி, ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு உறுதியைக் குறிக்கிறது என்பதைப் பட்டியலின் ஓரிடத்தில் வரையறுத்தும் தருவர். பாடபேதம் நோக்கும் பதிப்பாசிரியரின் எச்சரிக்கையை இதற்கு ஒப்பிடலாம்.

ஆனால் இவ்வெச்சரிக்கை எல்லாப் பொருள்களுக்கும் ஒரே அளவாகப் பகிரப்படுவதில்லை. இலங்கையிலிருந்து சென்று ஏலத்துக்கு வருபவை பல: பித்தளைப் பூண் கட்டிய மரப்பெட்டகங்கள், கருங்காலி அலுமாரிகள், தந்தச் சிமிழ்கள், வெள்ளிப் பூணிட்ட வெற்றிலைப் பெட்டிகள், பாக்குவெட்டிகள், ஏட்டெழுத்தாணிகள். இவற்றின் குறிப்புகள் 'இலங்கை, பதினெட்டாம் நூற்றாண்டு' என்ற அளவில் அமைவதே பெருவழக்கு. 'ஒல்லாந்தர் காலத்தது' என்பது அதற்குமேல் வரும் விளக்கம். பெட்டகத்தைக் கடைந்தவன் ஒல்லாந்தன் அல்லன். ஆயினும் ஆட்சி செய்தவனின் பெயரே பொருளுக்கு அடைமொழியாகிறது. ஓவியனைத் தேடி நான்கு படிகள் வகுத்த அதே நடை, தச்சனையும் கன்னானையும் தேட ஒரு படியும் வகுக்கவில்லை.

பெயரிடும் உரிமை செய்தவனை விட்டு விற்றவனிடம் செல்வது எவ்வளவு பழையது என்பதற்குச் சோழமண்டலக் கரையின் பெயரே சான்று. சீனத்தில் அரக்குப் பூசிச் செதுக்கப்பட்ட பெரிய மடிப்புத் திரைகள் ஐரோப்பாவிற் பெரிதும் விரும்பி வாங்கப்பட்டன. அவை சோழமண்டலக் கரைத் துறைகளின் வழியாகக் கப்பலேறியமையால் 'கொரமண்டல்' திரைகள் எனப் பெயர் பெற்றன. இன்றும் பட்டியல்களில் அப்பெயராலேயே வழங்குகின்றன. தமிழ்நாட்டுத் துறைமுகத்துக்கு இதில் ஒரு பெருமை கிடைத்தது எனச் சிலர் மகிழலாம். உண்மையில், சீனக் கைவினைஞனின் ஊர் மறைந்து, சரக்கு ஏறிய துறையின் பெயர் நிலைத்தது என்பதே இங்குக் கற்கவேண்டிய பாடம். வணிகத்தின் கண்ணுக்குப் பொருள் பிறந்த இடம் தெரியாது; அது கைமாறிய இடமே தெரியும்.

உடைமை வரலாறு என்னும் பகுதியிலும் இதுவே நிகழ்கிறது. பட்டியலில் ஒரு பொருளின் வரலாறு, பெரும்பாலும் முதல் ஐரோப்பியச் சேகரிப்பாளரின் கைக்கு அது வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் அது எவ்வீட்டில் இருந்தது, யாருடைய திருமணத்துக்கு வந்தது, எந்நாளில் வெளியே எடுக்கப்பட்டது என்பவை வரலாறாக எண்ணப்படுவதில்லை. வீட்டில் இருந்த காலம் பொருளின் முற்பிறவி போலாகிவிடுகிறது.

இக்குறையை உணர நற்பிட்டிமுனை தக்க இடம். கல்முனைப் பெருந்தெருவிலிருந்து மேற்கே, கடலைச் சற்று விலகி வயல்வெளியை அடுத்து அமைந்த இவ்வூரில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்கின்றனர். அம்பாறைக் கரையோரத்தில் இவ்விரு சாராரும் வழிபாட்டால் வேறுபடினும், வீட்டமைதியால் ஒன்றுபடுவர். தாய்வழிக் குடிமுறை இரு சாராரிடத்தும் உண்டு. மணமான பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படுவதும், கணவன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வதும் இங்கு வழக்கம். அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தம் நூலில் இவ்வமைதியை விரிவாகக் காட்டியுள்ளார். வீடு மகளுக்குச் சேரும் இடத்தில் வீட்டுப் பொருள்களும் தாயிடமிருந்து மகளுக்குச் சேர்வது இயல்பு. இக்கரையில் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் உடைமை வரலாற்றை எழுத முயல்பவர் பெண்களின் பெயர்களையே கேட்டறிய வேண்டியவராவார். அம்மம்மா என்றும் உம்மம்மா என்றும் அழைக்கப்படும் அப்பெண்களின் பெயர்கள் எந்த ஏலப் பட்டியலிலும் ஏறியவை அல்ல.

எடுத்துக்காட்டாக வெற்றிலை வட்டாவைக் கொள்வோர் வேறுபாட்டைத் தெளிவாக உணர்வர். உயர்ந்த தண்டின்மேல் அகன்ற தட்டு அமைந்த பித்தளைப் பாத்திரம் அது. ஏலப் பட்டியலில் அது இடம்பெற்றால் குறிப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையும்: 'பித்தளைத் தாங்குதட்டு, தென்னிந்தியா அல்லது இலங்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி, விளிம்பில் சிறு நசிவு'. இதிற் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும், அது வெற்றிலைக்கு உரியது என்பது இல்லை. விருந்தினர் வந்தவுடன் முன்வைக்கப்படுவது என்பது இல்லை. வட்டா முன்வைக்கப்படுவதும் வைக்கப்படாமல் விடப்படுவதும் ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்குச் சொல்லும் செய்தி என்பதும் இல்லை. அதன் பெயரே இல்லை. எச்சில் உமிழும் படிக்கத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வாயகன்று இடை சிறுத்த அதன் வடிவம் கண்ணுக்கு இனிதாகையால், பழம்பொருட் கடைகளில் அது பூச்சாடியாக உயர்வு பெறுகிறது. அலங்காரம் என்ற வகைப்பாடே இங்கு ஐயத்துக்குரியதாகிறது. பயன் அறியப்படாத பொருளே பெரும்பாலும் அலங்காரப் பொருளாகிறது.

இன்னொரு குறை நுண்ணியது. ஏல மண்டபத்தின் மதிப்பீட்டு வரிசை, கலையின் தரத்தை மட்டுமன்றிப் பொருளின் நீடிப்பையும் தழுவியது. தந்தமும் பித்தளையும் கருங்காலியும் நூற்றாண்டுகளைத் தாங்கும். பன்புல்லாற் பின்னிய பாய் தாங்காது. கிழக்குக் கரையோரப் பெண்கள் பன்னைச் சாயமிட்டு, கட்டமும் கோடும் அமைய இழைத்த பாய்கள் வடிவமைப்பில் எந்த உலோகவேலைக்கும் இளைத்தவை அல்ல. மருதமுனைத் தறிகளில் நெய்த துணிகளும் அத்தகையனவே. ஆனால் பாய் தேய்வதற்கென்றே பின்னப்படுகிறது; துணி கிழிவதற்கு முன்பு வேறொன்று நெய்யப்படுகிறது. பழையது அழிந்தாலும் கை அழிவதில்லை என்பதே அக்கலைகளின் வரலாற்று முறை. பழமையையே விலையின் அளவாகக் கொள்ளும் பட்டியலில் இத்தகைய கலைகளுக்கு இடம் அரிது. ஆகவே அப்பட்டியல்களைக் கொண்டு ஒரு நாட்டின் கைவினையை மதிப்பிடுவோர், ஆண்களின் உலோகத்தை மிகுத்தும் பெண்களின் நாரையும் நூலையும் குறைத்தும் கணிக்க நேரும்.

பொருள் தன் ஊரை விட்டு எவ்வளவு தொலைவு சென்றாலும் அதன் வரலாறு முழுதும் அழிந்துவிட வேண்டியதில்லை என்பதற்கு நியூசிலாந்தில் உள்ள தமிழ் மணி சிறந்த சான்றாகும். வில்லியம் கொலென்சோ என்னும் மதபோதகர் 1836ஆம் ஆண்டளவில் வடதீவில் மாஓரி மக்களிடம் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அதில் அவர்கள் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தனர். புயலில் வீழ்ந்த பெருமரத்தின் வேரடியில் அது கிடைத்ததாகக் கூறினர். உண்மையில் அது விளிம்புடைந்த ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி. அதைச் சுற்றிப் பொறித்த தமிழ் எழுத்துகள், முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி அது என அறிவித்தன. கொலென்சோவின் இறுதி விருப்பத்தின்படி அது அந்நாட்டு நூதனசாலையைச் சேர்ந்தது. இன்று வெலிங்டனில் தே பாப்பா நூதனசாலையில் உள்ளது. அம்மணி அங்குச் சென்ற வழி பற்றிப் பல ஊகங்கள் உண்டு. இங்குக் கருதத்தக்கது வேறு. பாத்திரமாக மாறி, பயன் மாறி, மொழி தெரியாதார் கையிற் கிடந்த பொருளைத் தமிழ் பேசும் முஸ்லிம் கப்பலுடையார் ஒருவரின் மணியாக மீட்டவை அதில் வெட்டியிருந்த ஒருசில சொற்களே. அளவும் எடையும் நூற்றாண்டும் அதைச் செய்திருக்க இயலாது.

தமிழ் பேசும் மக்களின் வீடுகளில் சீராக வரும் பாத்திரங்களிற் பெயர் வெட்டும் வழக்கம் இதே அறிவின் தொடர்ச்சி எனலாம். உளியாற் புள்ளி புள்ளியாக இட்ட அப்பெயரைப் பழம்பொருள் வாங்குவோர் பலர் குறையாகக் கருதுவர். பளபளப்பைக் கெடுப்பதாக எண்ணி அதை அராவி நீக்குவோரும் உளர். அவ்வாறு நீக்கப்படுவது கீறல் அன்று, பொருளின் வாக்குமூலம்.

பெயர் பொறித்த கொடை சந்தைக்கு வரும்போது நேரும் முரண்பாட்டை 2025ஆம் ஆண்டு உலகம் கண்டது. இந்தியாவின் வடக்கே பிப்ராவாவில் 1898ஆம் ஆண்டு வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்னும் ஆங்கிலேயர் ஒரு தூபியை அகழ்ந்து, எலும்புத் துண்டுகளையும் மணிகளையும் பேழைகளையும் எடுத்தார். பேழையொன்றில் இருந்த பிராமி எழுத்துகள், அவை சாக்கியர் தம் சகோதரியரோடும் மக்களோடும் மனைவியரோடும் சேர்ந்து புத்தருக்கு அமைத்த கொடை எனப் பொருள்கொள்ளப்பட்டன. எலும்புகள் சீயத்து மன்னருக்கு வழங்கப்பட்டு, இலங்கையும் பர்மாவும் பங்கு பெற்றன. மணிகளிற் பெரும்பகுதி கல்கத்தா நூதனசாலையை அடைந்தது. ஒரு பகுதி பெப்பே குடும்பத்திடம் விடப்பட்டது. அப்பகுதியை ஹொங்கொங்கில் 2025 மே 7ஆம் நாள் ஏலமிட சொதபீஸ் அறிவித்தது. இந்திய அரசு சட்ட அறிவித்தல் அனுப்ப, ஏலம் ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு யூலையில் கோத்ரெஜ் நிறுவனத்தினர் அவற்றை வாங்க, மணிகள் இந்தியாவுக்குத் திரும்பின. பட்டியல் அவற்றை மணிகள் எனக் கண்டது. வழிபடுவோர் அவற்றை எலும்பிலிருந்து பிரித்தறிய முடியாத கொடை எனக் கண்டனர். ஆயினும் முடிவில் அவை திரும்பியதும் விலை கொடுத்தே என்பது சிந்திக்கத்தக்கது. அறத்தின் வாதம் ஏலத்தை நிறுத்தியது. பொருளை மீட்டது செல்வமே. செல்வர் முன்வராத சிறு பொருள்களுக்கு, அதிலும் நற்பிட்டிமுனையின் வட்டாவுக்கு, அத்தகைய மீட்பு ஒருநாளும் வாய்க்காது.

எனினும் ஏலத்தின் பக்கத்து வாதத்தையும் கேட்பதே நடுநிலை. சேகரிப்பாளர் வாங்கியிராவிட்டால் பல பொருள்கள் உலையில் உருகியிருக்கும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கிழக்குக் கரையைச் சிதைத்தது. போர்க்கால இடப்பெயர்வுகள் வீடுகளை வெறுமையாக்கின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்களிற் கரையோர வீடுகளைப் பொருள்களோடு வாரிச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வீடுகளிலிருந்து முன்னரே விற்கப்பட்டுப் போன ஒரு பெட்டகம் இலண்டனிலோ லிஸ்பனிலோ எஞ்சியிருக்குமாயின் அதைக் குறைகூறுவது எளிதன்று. வறுமையில் பித்தளையை விற்று மகளுக்குக் கூரை வேய்ந்த தாயைப் பண்பாட்டை விற்றவள் என்பதும் அறமாகாது. கைவினை வாழ்விலிருந்து பிரிக்கப்படுவதைக் கண்டித்து எழுதிய ஆனந்த குமாரசுவாமியின் கலைத்தொகுதியே 1917இல் பொஸ்டன் நூதனசாலையைச் சேர்ந்தது. அவரும் அங்கேயே பணியேற்றார். விற்பனையைத் தவிர்க்க இயலாமை அவர் வாழ்விலும் காணப்படுவதே.

ஆனால் குமாரசுவாமி வேறொன்றையும் செய்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில், கண்டி நாட்டுக் கைவினைஞரின் கருவிகளையும் வினைமுறைகளையும் அவர்தம் சொற்களாலேயே பதிவுசெய்தார். பொருள் எங்குச் சென்றாலும் அதன் மொழி அந்நூலில் நின்றது. அந்நூலின் நோக்கு கண்டி நாட்டளவில் அமைந்தது. கிழக்குக் கரையின் தமிழர், முஸ்லிம்களின் வீட்டுப் பொருள்களுக்கு அதற்கு நிகரான ஒரு பெருநூல் வேண்டப்படுவதே. வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் இப்பிரதேசத்தின் வாழ்வையும் வழக்கையும் தொகுத்து வழிகாட்டிற்று. அவ்வழியிற் பொருள்களுக்கென ஒரு நூல் எழும்போதே வட்டாவுக்கு அதன் பெயர் உறுதிப்படும்.

சட்டம் இப்பணியைத் தன் தோளில் ஏற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளைத் தொன்மையின் எல்லையாகக் கொண்டது; கண்டி உடன்படிக்கையின் நாள் அது. அரசர் வீழ்ந்த நாளைக் கொண்டு அளக்கும் அளவுகோல், தாய் மகளுக்குக் கொடுத்த பாத்திரத்தை அளக்கப் போதியதன்று. 1988இன் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்றது. அதுவும் துறைமுகத்தில் நிறுத்தவல்லதேயன்றி, படலையடியில் எடைபோட்டு வாங்கப்படும் பித்தளையை அறியமாட்டாது. எச்சட்டமும் ஒரு பொருளைத் தடுக்கலாம்; அதன் பெயரைச் சொல்லித்தர அதனால் இயலாது.

இவ்விடத்து, நற்பிட்டிமுனைக்கு அயலான காரைதீவில் 1892இல் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலாநந்தரின் பணி நினைக்கத்தக்கது. பழந்தமிழரின் யாழ்களில் ஒன்றேனும் முழுதாக எஞ்சவில்லை. எஞ்சியவை பெயர்களும் இலக்கண நுட்பங்களும் உரைக்குறிப்புகளுமே. சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்து, 1947இல் அரங்கேறிய யாழ் நூலில், சொற்களிலிருந்து அவர் கருவியை மீட்டெடுத்தார். பொருள் அழிந்தும் பெயர் நின்றமையால் பொருள் மீண்டது. ஏலப் பட்டியலின் துயரம் இதற்கு நேர்மாறானது. அங்குப் பொருள் நிற்கிறது, பெயர் அழிந்துவிட்டது. பெயரிலிருந்து பொருளை மீட்கலாம் என்பதற்கு யாழ் நூல் சான்று. பெயரையும் பயனையும் கொடுத்தோரையும் இழந்த பொருளிலிருந்து அவற்றை மீட்பது மிக அரிது என்பதற்கு ஏல மண்டபங்களின் கண்ணாடிப் பேழைகள் சான்று.

ஆகவே ஏலப் பட்டியலுக்கு விடை மற்றொரு பட்டியலே. அது பொருள் விற்கப்படுமுன் எழுதப்படுவது; வீட்டுக்காரியின் வாய்மொழியிலிருந்து எழுதப்படுவது; பொருளின் ஊர்ப்பெயர், செய்தவர் அறியப்படின் அவர் பெயர், கொடுத்தவர், பெற்றவர், வெளியே எடுக்கப்படும் நாள், அதில் வெட்டிய எழுத்து என்பவற்றை முன்னும், அளவையும் எடையையும் பின்னும் வைப்பது. இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர் தம் தாய்வீட்டின் பத்துப் பொருள்களை இம்முறையில் எழுதிக்கொண்டு வருவாராயின் அதுவே தொடக்கமாகும். அப்பொருள்களிற் சில நாளை விற்கப்படலாம். விற்கப்பட்டாலும், அவற்றோடு அவற்றின் பெயரும் செல்லும்.